அம்மாவுக்கு முடக்குவாதம்: மகள் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

நீலமலர் எழுதியது:

வணக்கம். என் அம்மாவுக்கு முடக்குவாதம், அதாவது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உறுதியாகியிருக்கிறது. ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தப் பரிசோதனையில் அளவு மிக அதிகம் என்றார்கள். வாரத்துக்கு ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து எடுத்துக்கொள்கிறார். பெரியம்மாவுக்கும் கை விரல்கள் கோணிப்போயிருந்தன, ஆனால் அந்தக் காலத்தில் அதற்கு யாரும் பெயர் சொல்லவில்லை. எனக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. தம்பி ஒருவன் இருக்கிறான், புகைபிடிப்பான்.

ஒரு தனியார் ஆய்வகத்தின் விளம்பரம் பார்த்தேன். ரத்தம் எடுத்து, மரபணுக்களையும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் பார்த்து, இந்த நோய் வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். என் சம்பளத்தில் பாதி போய்விடும். கொடுக்கலாமா? விவரமாகவே சொல்லுங்கள். நான் தாவரவியல் படித்தவள், டி.என்.ஏ. என்றால் மிரள மாட்டேன்.

ஆய்வுமேசை எழுதியது:

வேண்டாம், நீலமலர். காரணத்தைச் சொல்கிறேன், நான் நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், மருத்துவர் அல்ல.

ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கு டி.என்.ஏ. ஏறக்குறைய அப்படியே ஒன்று. நோய் முழுவதும் மரபணுவில் இருந்தால் ஒருவருக்கு வரும்போது மற்றவருக்கும் வந்தே தீர வேண்டும். பிரிட்டனில் 1990களில் செய்த ஆய்வில், ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது ஏறக்குறைய நூற்றில் 15 ஜோடிகளில்தான். வேறுவேறு கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களில் அது 4-க்கும் குறைவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். 4-க்கும் 15-க்கும் உள்ள இடைவெளி, மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறது. 15-க்கும் 100-க்கும் உள்ள இடைவெளி, மரபணு மட்டும் போதாது என்கிறது. ஆய்வகத்தார் உங்கள் மரபணுத்தொகுதியை முழுவதுமாகப் படித்தாலும் இந்த இரண்டாவது இடைவெளியை அவர்களால் தாண்ட முடியாது.

தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பொதுமக்களில் நூற்றில் அரை முதல் ஒருவருக்குத்தான் இந்த நோய் இருக்கிறது. சிறிய எண்ணை ஐந்தால் பெருக்கினாலும் சிறிய எண்தான். உங்களுக்கு இந்த நோய் வராமலே போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

இனி, எந்த மரபணு என்ற கேள்வி. முதலிடம் ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 என்ற மரபணுவுக்கு. மற்ற எதுவும் அதன் அருகில்கூட வராது. 1978இல் பீட்டர் ஸ்டாஸ்ட்னி, முடக்குவாத நோயாளிகளிடம் அதன் டி.ஆர்.4 என்ற வகை மிகுதியாக இருப்பதைக் காட்டினார். பிறகு மற்ற வகைகளும் சிக்கின. 1987இல் பீட்டர் கிரெகர்சனும் உடன் ஆய்வு செய்தவர்களும், இந்த வகைகள் எல்லாவற்றின் புரதத்திலும் 70 முதல் 74 வரையிலான இடங்களில் ஏறக்குறைய ஒரே அமினோ அமில வரிசை இருப்பதைக் கவனித்தார்கள். அதற்குப் பொது எபிடோப் என்று பெயர்.

அந்த ஐந்து அமினோ அமிலங்களுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? அந்த மரபணுவிலிருந்து உருவாகும் டி.ஆர். மூலக்கூறில் ஒரு பள்ளம் உண்டு. அதில் புரதத் துண்டை வைத்து, நோயெதிர்ப்பு வெள்ளணுவான டி செல்லுக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. பொது எபிடோப் உள்ளவர்களுக்கு அந்தப் பள்ளத்தின் ஒரு குழி நேர்மின்னேற்றம் கொண்டது. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலமும் நேர்மின்னேற்றம் கொண்டது, ஆகவே அங்கே நன்றாகப் பொருந்தாது. ஆனால் அழற்சியின்போது பி.ஏ.டி. என்ற நொதிகள் ஆர்ஜினினை சிட்ருலினாக மாற்றிவிடும். சிட்ருலினுக்கு மின்னேற்றம் கிடையாது, அது குழியில் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். இப்படித்தான் உடலின் சொந்தப் புரதமே டி செல்லின் கண்ணில் அந்நியமாகப் படுகிறது. அம்மாவுக்குச் செய்த ஆன்டி சி.சி.பி. பரிசோதனை, இந்தச் சிட்ருலின் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத்தான் அளக்கிறது.

இந்த எபிடோப் உள்ள பெரும்பாலானோர் மூட்டில் எந்தக் கோளாறும் இல்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வெண்தாழை எழுதியது:

நீலமலர், நான் பல வருடங்களாக இந்த நோயோடு இருப்பவள். அம்மாவை நினைத்து நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது, என் மகளும் இதையேதான் கேட்டாள். அவளிடம் சொன்னதைச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் இறுகிப்போய், அரை மணி நேரத்துக்கு மேல் பிடிவிடாமல் இருந்தால் கவனி. கைமுட்டி, மணிக்கட்டு, கால் விரல் அடிமூட்டு ஆகியவை இரண்டு பக்கமும் வீங்கினால் கவனி. மோதிரம் திடீரென்று கழலவில்லை என்றால் கவனி. அப்போது தைலம் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்காமல் நேராக ருமட்டாலஜிஸ்டிடம், அதாவது மூட்டுவாத மருத்துவரிடம், போ.

எனக்கு அது தாமதமாகத்தான் நடந்தது. யூரிக் அமிலம், சத்துக்குறைவு, வயசுக்கோளாறு என்று ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். அதற்குள் எலும்பு அரிக்கத் தொடங்கிவிட்டது. அரித்த எலும்பை மருந்து திரும்பக் கொடுக்காது.

கேள்விக்கணை எழுதியது:

ஆய்வுமேசை ஐயா, நூற்றில் 15 என்று சொல்லி மரபணுவின் பங்கைச் சிறிதாக்கிவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டில் பாட்டி, அத்தை, அக்கா மூவருக்கும் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று நான் நம்ப மாட்டேன். இன்னொன்று. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட மரபணு இடங்களைக் கண்டுபிடித்துவிட்டதாகப் படித்தேன். அத்தனையையும் கூட்டிப் பார்த்தால் கணிப்பு வந்துவிடாதா?

ஆய்வுமேசை எழுதியது:

தற்செயல் இல்லை, ஐயா. உங்கள் குடும்பத்தில் பொது எபிடோப் ஓடிக்கொண்டிருக்கலாம், வேறு சில இடங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஒரு கூட்டத்துக்குள் ஆபத்து ஏன் ஏறியிறங்குகிறது என்பதை விளக்குவது வேறு, ஒருவருக்கு வருமா என்று சொல்வது வேறு. விளம்பரம் இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் காசு கேட்கிறது.

நீங்கள் படித்தது 2014இல் யுகினோரி ஒகாடாவின் குழு வெளியிட்டதாக இருக்கும். ஐரோப்பிய, ஆசிய வம்சாவளியினர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், அவர்களில் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் நோயாளிகள். 101 இடங்கள் தெரிந்தன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆபத்தை நூற்றுக்கு 10, 20 என்ற அளவில்தான் கூட்டுகின்றன. என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வின் பெரிய பயன் வேறு. முடக்குவாதத்துக்கு ஏற்கெனவே பயன்பட்டுவந்த மருந்துகள் தாக்கும் இலக்குகளில் பலவும் அந்தப் பட்டியலோடு தொடர்புடையவையாக இருந்தன. டோசிலிசுமாப் என்ற மருந்து தடுப்பது, அழற்சியைத் தூண்டும் ஐ.எல்.6 புரதத்தின் ஏற்பியை, அந்த ஏற்பியின் மரபணு பட்டியலில் இருக்கிறது. அபாடாசெப்ட் என்ற மருந்து, டி செல்லை அடக்கும் சி.டி.எல்.ஏ.4 புரதத்தைக் கொண்டே செய்யப்பட்டது. அந்த மரபணுவும் இருக்கிறது. ஆக, புதிய மருந்தை எங்கே தேடுவது என்று இந்தப் பட்டியல் காட்டும்.

இன்னொரு சிக்கலைப் பலரும் சொல்வதில்லை. எந்த மக்களிடம் கண்டுபிடித்த மரபணு என்று கேட்க வேண்டும். ஐரோப்பியர்களிடம் எச்.எல்.ஏ.-வுக்கு அடுத்த இடம் பி.டி.பி.என்.22-க்கு. அந்தப் புரதத்தில் 620ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் டிரிப்டோஃபான் வந்தால் ஆபத்து கூடும் என்று 2004இல் தெரிந்தது. முதல் வகை நீரிழிவிலும் அதே மாற்றம்தான். ஆனால் ஜப்பானியர்களிடம் அந்த மாற்றம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, இந்தியர்களிடமும் மிக அரிது. ஜப்பானில் 2003இல் வேறொன்று சிக்கியது: பி.ஏ.டி.ஐ.4. மேலே சொன்ன சிட்ருலின் நொதிகளில் ஒன்றைத் தயாரிக்கும் மரபணு அது. வட இந்தியர்களிடம் செய்த மரபணுத்தொகுதி ஆய்வு 2013இல் ஏ.ஆர்.எல்.15 என்ற புதிய மரபணுவைக் காட்டியது. எச்.எல்.ஏ.-விலும் இப்படித்தான். ஐரோப்பாவில் டி.ஆர்.4 வகைகள் முன்னால் நிற்க, இந்தியாவில் டி.ஆர்.பி.1*10:01 என்ற வகையும் முக்கியமாகத் தெரிகிறது. புதுச்சேரி ஜிப்மரில் தமிழ் நோயாளிகளிடமே மரபணு ஆய்வுகள் நடந்திருக்கின்றன, மெத்தோட்ரெக்சேட் யாருக்கு வேலை செய்கிறது என்ற கேள்வி உட்பட.

ஐரோப்பிய எண்களை வைத்துக் கட்டிய கணிப்பு மதிப்பெண்ணை மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பவருக்கு அப்படியே போட்டால் என்ன அர்த்தம்? அந்த ஆய்வகத்திடம் இதை ஒரு கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள்.

நீலமலர் எழுதியது:

மிக்க நன்றி. வெண்தாழை அக்கா, நீங்கள் சொன்னதைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். மரபணு புரிந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிச் சொல்லுங்கள். விளம்பரத்தில் மிர்-146ஏ, மிர்-155, மிர்-223 என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆய்வுமேசை எழுதியது:

நீங்கள் தாவரவியல் படித்தவர் என்பதால் பெட்டூனியாவிலிருந்து தொடங்கலாம். 1990இல் ஊதா நிறத்தை ஆழமாக்க வேண்டும் என்று நிறமி மரபணுவைக் கூடுதலாகச் செடிக்குள் செலுத்தினார்கள், சில பூக்கள் வெள்ளையாகவே மலர்ந்தன. மரபணு இருந்தும் அதன் குரல் அடக்கப்பட்டிருந்தது. சிறிய ஆர்.என்.ஏ.க்கள் செய்த வேலை அது என்று பிற்பாடு தெரிந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ. அதற்கு நெருங்கிய உறவு. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரின் குழுக்களும் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் லின்-4 என்ற முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டார்கள். புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்றுதான் பல ஆண்டுகள் நினைத்தார்கள். 2000இல் லெட்-7 வந்தது. அது மனிதனிலும் இருந்தது. 2024இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஏறக்குறைய 22 எழுத்துகள்தான் நீளம். மரபணுவின் செய்தியைக் கொண்டுபோகும் தூது ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கும். ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடலாம்.

இனி மூட்டுக்கு வருவோம். 2008இல் ஜூரிச் குழு ஒன்று, நோயாளிகளின் மூட்டு உறையிலிருந்து எடுத்த நார்ச்செல்களில் மிர்-155-உம் மிர்-146ஏ-வும் மிகுந்திருப்பதைக் காட்டியது. இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன, ஆனால் குணம் நேர்மாறு.

மிர்-146ஏ ஒரு பிரேக். கிருமியோ, செல்களுக்கிடையே செய்தி கடத்தும் சைட்டோகைன் என்ற புரதமோ செல்லைத் தூண்டும்போது என்.எஃப்.-கப்பா-பி என்ற கட்டுப்பாட்டுப் புரதம் அழற்சி மரபணுக்களை இயக்கும். அதே கையோடு மிர்-146ஏ-வையும் இயக்கும். மிர்-146ஏ திரும்பிவந்து, அந்தத் தூண்டுதலைக் கடத்தும் டிராஃப்6, ஐராக்1 ஆகிய புரதங்களைக் குறைக்கும். இதை 2006இல் கால்டெக்கில் டேவிட் பால்டிமோரின் ஆய்வகம் விளக்கியது. இந்தப் பிரேக்கை எடுத்துவிட்ட எலிகளுக்கு வயதாக ஆகத் தன்னெதிர்ப்பு நோய் வருகிறது. சரி, அப்படியென்றால் முடக்குவாத நோயாளியிடம் மிர்-146ஏ குறைந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. கூடியிருக்கிறது! 2008இல் இன்னொரு குழு நோயாளிகளின் ரத்த வெள்ளணுக்களைப் பார்த்தது. மிர்-146ஏ ஏறியிருந்தும் டிராஃப்6-உம் ஐராக்1-உம் ஆரோக்கியமானவர்களைவிடக் குறையவில்லை. பிரேக்கை மிதித்தபடி இருக்கிறார்கள், வண்டி நிற்கவில்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கும் முடிவு இது. வெறும் அளவை அளந்து, ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது என்று அறிக்கை கொடுப்பதில் உள்ள ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அளவு தெரியும், வேலை நடக்கிறதா என்று தெரியாது.

மிர்-155 தூண்டும் பக்கம். அழற்சியை அடக்கும் ஷிப்-1 என்ற புரதத்தை அது குறைத்துவிடுகிறது, அதனால் மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் சைட்டோகைன்களைக் கொட்டுகின்றன. 2011இல் கிளாஸ்கோவிலும் வியன்னாவிலும் இருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன. மிர்-155 இல்லாத எலிகளுக்குக் கொலாஜன் செலுத்தி மூட்டுவாதம் உண்டாக்க முயன்றால் உண்டாகவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூட்டு உறைச் செல்களில் மிர்-124 குறைந்திருக்கிறது, அதனால் செல் பெருக்கத்துக்கும் மோனோசைட்டுகளை இழுப்பதற்கும் தடை தளர்கிறது. மிர்-203 கூடியிருக்கிறது, அது ஐ.எல்.6-ஐயும் குருத்தெலும்பை அரிக்கும் நொதியையும் ஏற்றிவிடுகிறது.

கேள்விக்கணை எழுதியது:

எலிக்கு ஊசி போட்டு உண்டாக்கும் மூட்டுவாதம் மனிதனுக்குத் தானாக வரும் மூட்டுவாதம் ஆகுமா?

ஆய்வுமேசை எழுதியது:

ஆகாது. வியன்னா ஆய்விலேயே அதற்குச் சான்று இருக்கிறது. நோயுள்ள எலியின் சீரத்தை, அதாவது தயாராக இருக்கும் ஆன்டிபாடியை, மிர்-155 இல்லாத எலிக்குள் செலுத்தியபோது மூட்டு வீங்கத்தான் செய்தது. எலும்பு அரிப்பு மட்டும் குறைந்தது. ஆக, மிர்-155 தேவைப்படுவது டி செல்லும் ஆன்டிபாடிக்கு மூலமான பி செல்லும் தவறான பாடம் கற்கும் கட்டத்தில், பிறகு எலும்பு தின்னும் செல்கள் உருவாகும் கட்டத்தில். நடுவில் நடக்கும் வீக்கத்துக்கு அது கட்டாயம் இல்லை. உங்கள் அத்தைக்கோ அக்காவுக்கோ நோய் உறுதியாகும்போது முதல் கட்டம் எப்போதோ முடிந்திருக்கும். ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் சேமித்துவைத்த பழைய ரத்த மாதிரிகளைப் பார்த்ததில், சிட்ருலின் ஆன்டிபாடி வலி தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இருந்தது.

ரத்தமேடை எழுதியது:

நான் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்துப் பிரிப்பவன். ஆய்வுமேசை சொல்லாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் நீரில், மைக்ரோ ஆர்.என்.ஏ. பார்ப்பதில் பாதிப் பிரச்சினை குழாயிலேயே இருக்கிறது. ஊசி சரியாகப் போகாமல் சிவப்பணு கொஞ்சம் உடைந்தாலும் மிர்-451-உம் மிர்-16-உம் சீரத்தில் கொட்டிவிடும், ஏனென்றால் சிவப்பணுவில் அவை ஏராளம். மிர்-223 தட்டணுக்களில் மிகுதி. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் அதை வெளியே விடும், அதனால் சீரத்தில் ஒரு எண்ணும், உறையவிடாமல் பிரித்த பிளாஸ்மாவில் வேறொரு எண்ணும் வரும். மாதிரியை வெயிலில் பைக்கில் வைத்து ஊர் சுற்றிக் கொண்டுவந்தால் இன்னொரு எண். முடக்குவாத நோயாளிக்குத் தட்டணு எண்ணிக்கையே கூடியிருப்பதும் உண்டு. இதில் எது நோயைக் காட்டுகிறது, எது என் ஊசியைக் காட்டுகிறது?

ஆன்டி சி.சி.பி.க்கும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ஆகிய பரிசோதனைகளுக்கும் நிலையான முறையும் எல்லை மதிப்பும் இருக்கின்றன. இதற்கு அப்படி ஒன்று வந்தால் நானே முதலில் இங்கே வந்து சொல்வேன்.

குறிஞ்சித்தேன் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்கிறார்கள். அதற்கும் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களுக்கும் தொடர்பு உண்டா?

ஆய்வுமேசை எழுதியது:

அருமையான கேள்வி. மேலே சொன்ன ஐராக்1 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மிர்-223-இன் மரபணுவும் அங்கேதான். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லிலும் ஒன்று அடைக்கப்பட்டிருக்கும், ஆனால் சில மரபணுக்கள் அந்த அடைப்பைத் தப்பிவிடும். தப்பினால் பெண்ணின் செல்லில் அந்தப் புரதம் கூடும். ஐராக்1 இருக்கும் பகுதி முடக்குவாதத்தோடு தொடர்புடையது என்று மரபணு ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இது நல்ல கருதுகோள், தீர்ப்பு அல்ல. ஹார்மோன்களும் உண்டு, கர்ப்ப காலத்தில் பலருக்கு நோய் தணிந்து, பிரசவத்துக்குப் பிறகு திரும்ப எழுகிறது.

வெண்தாழை எழுதியது:

அது என் வாழ்விலேயே நடந்தது, குறிஞ்சித்தேன். கர்ப்பமாகத் திட்டமிடும் பெண்கள் யாராவது இதைப் படித்தால்: மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்துக்குப் போக வேண்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஆய்வுமேசை, ஒன்று கேட்கிறேன். இவ்வளவு தெரிந்தும் எங்களுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. மருந்து ஏன் வரவில்லை?

ஆய்வுமேசை எழுதியது:

எலியில் வந்துவிட்டது, அம்மா. மிர்-146ஏ-வைச் செயற்கையாகச் செய்து ஊசி போட்டபோது எலும்பு அரிப்பு குறைந்தது. மனிதனில் இரண்டு தடைகள். மூட்டு உறைக்கு மட்டும் அதைக் கொண்டுசேர்ப்பது கடினம், பெரும்பகுதி கல்லீரலுக்குப் போய்விடும். அடுத்தது, நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும் பொருளை உடல் முழுவதும் அனுப்பினால் என்ன நடக்கும் என்ற அச்சம். புற்றுநோய்க்காக மிர்-34-ஐப் போலச் செய்த எம்.ஆர்.எக்ஸ்.34 என்ற மருந்தின் சோதனையை, நோயெதிர்ப்பு சார்ந்த கடுமையான விளைவுகளால் 2016இல் நிறுத்தினார்கள்.

வேறொரு பாதையும் இருக்கிறது. ஓபெஃபாசிமோட் என்பது சாதாரண மாத்திரை. செல்லுக்குள் மிர்-124 உற்பத்தியைக் கூட்டும். உங்கள் மூட்டில் குறைந்திருக்கும் அதே மிர்-124. பெருங்குடல் புண் அழற்சிக்கு மூன்றாம் கட்டச் சோதனை வரை போயிருக்கிறது. முடக்குவாதத்தில் சிறிய இரண்டாம் கட்டச் சோதனை ஒன்று நடந்தது. குறைந்த அளவைப் பெரும்பாலானோர் தாங்கினார்கள், கூடிய அளவில் பலர் பாதியிலேயே விலகினார்கள். என் கருத்தில் முடக்குவாதத்தில் இதைப் பெரிய அளவில் சோதிக்காமல் விடுவது தவறு.

கேள்விக்கணை எழுதியது:

இதில் நான் மாறுபடுகிறேன். அழற்சியை அடக்கும் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள், ஜேக் தடுப்பு மாத்திரைகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும்போது, எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தேவை அவை கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதுதான். புதிய மாத்திரை பிறகு வரட்டும்.

ஆய்வுமேசை எழுதியது:

விலை பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த மருந்துகள் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தும் அடங்காத நோயாளிகள் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழி தேட வேண்டாமா?

நீலமலர் எழுதியது:

அந்த ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எந்த மக்களிடம் சரிபார்த்தீர்கள், மாதிரியில் சிவப்பணு உடைந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று இரண்டையும் கேட்டேன். அறிக்கையில் எல்லாம் இருக்கும் என்று மட்டும் பதில் வந்தது. பணம் கட்டவில்லை. தம்பிக்கு என்ன சொல்லட்டும்?

ஆய்வுமேசை எழுதியது:

புகையை நிறுத்தச் சொல்லுங்கள். 2006இல் ஸ்வீடனில் லார்ஸ் கிளாரெஸ்காக் குழு காட்டியது இது: பொது எபிடோப் இரண்டு பிரதிகளும் புகைப்பழக்கமும் சேர்ந்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட, சிட்ருலின் ஆன்டிபாடியோடு கூடிய முடக்குவாதம் 21 மடங்கு அதிகம். புகை நுரையீரலில் சிட்ருலின் மாற்றத்தைத் தூண்டுகிறது, மீதியை முன்பு சொன்ன டி.ஆர். மூலக்கூறின் குழி செய்கிறது. நிறுத்தினால் ஆபத்து உடனே இறங்காது, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அதனால் இப்போதே நிறுத்த வேண்டும். ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரிடமும் போகச் சொல்லுங்கள். ஈறு நோய்க்குக் காரணமான போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் ஆர்ஜினினைச் சிட்ருலினாக்கும் நொதி சொந்தமாகவே இருக்கிறது.